குளவிக்கூட்டில் ஓர் அறை பாக்கி

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

செய்தி வந்தது மாலை நான்கு நாற்பத்தேழுக்கு. உங்கள் கடிதத்தில் முதல் கேள்வி அதுதான், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் குடிநீர் நிலையத்தில், பம்ப் ரூமில், ஒரு பிரஷர் மீட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். உங்கள் தங்கையுடைய ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் கூப்பிட்டார். "சார், மேடம் படியில உட்கார்ந்தாங்க. உட்கார்ந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. நான் மீட்டரைத் திரும்ப மாட்டி, கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கை செய்தது.

நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் ஃபோனை எடுக்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் அவளுக்கு உடன்பிறந்தவர், ஆனால் நாம் இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக நீங்களும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. என்ன விஷயம் என்று அவள் சொன்னதில்லை, நானும் கிளறியதில்லை. முதல்முதலாக உங்கள் குரலைக் கேட்பது இதற்காக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. கடிதம் என்றால் பரவாயில்லை.

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உங்களுக்கு நின்றே செய்கிற வேலை என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

*

பிப்ரவரி 27

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். சுகம்தான்.

கால் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலையில் மெஷின் முன்னால் நின்றால், போர்வை, தலையணை உறை, டாக்டர் கோட்டு என்று மலை மலையாக வந்து விழும். பாப்பா போன செய்தி வந்த அன்றும் இரண்டு மெஷின் போட்டேன். நீங்கள் மீட்டரை மாட்டியதைப் படித்ததும் எனக்கு ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. புடவையோ நகையோ எதுவும் வேண்டாம், அதெல்லாம் உங்களுக்கே. பாப்பா கையெழுத்தில் ஏதாவது இருந்தால், ஒரு துண்டு அனுப்புங்கள். என்னிடம் அவள் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. இருந்ததை நானே வைத்துக்கொள்ளவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை என்று கூப்பிடுவது உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

பாப்பாவின் அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு முழுக்கத் தேடிவிட்டேன். அவள் எழுதுவாள், கிழித்துவிடுவாள். மளிகை லிஸ்ட்கூட ஃபோனில்தான். மிச்சம் இருப்பது பச்சை வாளி ஒன்று. அதை விளக்க வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவள் ஓர் எழுத்துக் குழுவில் இருந்தாள். பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பல் டாக்டருடைய கிளினிக்கின் வெயிட்டிங் ஹாலில் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். வாசலில் பல் படம் போட்ட போர்டு மட்டும்தான். ஒரு தடவை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஓர் ஆள், கவிதை வாசிப்பு முடியும்வரை தன் முறைக்காகக் காத்திருந்துவிட்டு, "இங்க எல்லாருக்குமே இவ்வளவு வலியா?" என்று கேட்டாராம். அன்றைக்குத்தான் நமக்கென்று ஒரு சின்னம் வேண்டும், சுவரில் மாட்டியதும் யாருக்கும் புரிய வேண்டும் என்று பேச்சு வந்தது.

அவள் குளவிக்கூடு என்றாள். மண்ணில் கட்டுகிற குளவி இல்லை. மரத்தைச் சுரண்டி, மென்று, காகிதமாகத் துப்பிக் கூடு கட்டுகிற ஜாதி. கிளினிக் ஜன்னலில் ஒன்று இருந்தது. "பேப்பரைக் கண்டுபிடிச்சது மனுஷன் இல்ல, இவதான்" என்பாள். ஒவ்வொருத்தரும் தாங்கள் எழுதி, சரிவராமல் பாதியில் விட்ட தாள்களைக் கொடுக்க வேண்டும். அவள் கிழித்து, ஊறவைத்து, மிக்ஸியில் அடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் வார்த்து, ஈரத் தாளை ஓர் அறுகோணக் கட்டையில் சுற்றிக் காயவைப்பாள். ஓர் ஆளுக்கு ஓர் அறை. பன்னிரண்டு அறையும் ஒட்டினால் கூடு. கட்டையை நான்தான் செய்து கொடுத்தேன், ஒவ்வொரு பக்கமும் அளவு பிசகாமல். ஒரே ஒரு விதி உண்டு. கிழிப்பவர் படிக்கக் கூடாது. தோற்ற எழுத்து நிம்மதியாகப் போகட்டும் என்பார்கள்.

பதினோரு அறை முடிந்து கூட்டில் ஒட்டியாயிற்று. ஒன்று பாக்கி, அவளுடையதுதான். அந்தக் காலையில் அவள் வாளியில் தாள்களைக் கிழித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, "சாயந்தரத்துக்குள்ள ஊறிடும், தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

குழுவில் லாரி ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார், காதல் கவிதை எழுதுவார். போன வாரம் வந்தார். கெடாமல் இருக்க வாளியை ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தேன், அதைப் பார்த்தார். "தம்பி, பால் வைக்கிற இடத்துல இது என்ன?" என்றார். சொன்னேன். ஃப்ரிஜ் கதவை மெதுவாகச் சாத்தினார். அந்தக் கடைசி அறையை நான் செய்து கொடுத்தால் கூட்டை மாட்டிவிடலாம், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

துண்டுகளில் எழுத்து அழியவில்லை அக்கா. பால் பாயிண்ட் பேனா. அவள் கையெழுத்துதான், "ழ"வுக்குக் கீழே ஒரு கொக்கி போடுவாளே, அது. நான் தண்ணீரிலிருந்து அழுக்கைப் பிரித்துச் சம்பளம் வாங்குகிற ஆள். மெல்லிய சல்லடை, இடுக்கி, கண்ணாடித் தட்டு இருந்தால் போதும். வாளியின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் படிவு இருக்கிறது. இங்கே தண்ணீர் கடினம், அது ஒன்றும் செய்யாது.

நல்ல துண்டாக ஒன்று கிடைத்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

தங்கள்,
மாப்பிள்ளை என்றே இருக்கட்டும்

*

மார்ச் 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நலம். உங்கள் கடிதம் படித்துக் கோபம் வந்தது. அதனால் இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

படிக்கக் கூடாது என்று பாப்பாவே சொல்லியிருக்கிறாள். பிறகு எதற்கு இடுக்கி? ஊறப்போட்டதை ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது, எனக்கு அது ஒன்றுதான் தெரியும். துணியானாலும் நாறும், காகிதமானாலும் நாறும். அடித்துக் கூழாக்கி அந்த அறையைச் செய்துவிடுங்கள். எனக்குத் துண்டு வேண்டாம். கேட்டது என் தப்பு.

லாரிக்காரர் நல்ல மனுஷராகத் தெரிகிறார். அவரை அடிக்கடி வரச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பாப்பாவின் அக்கா

அக்கா என்று எங்கேயாவது எழுதியிருக்கிறாளா?

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்ய முடியவில்லை. தினமும் காலையில் தண்ணீரை மாற்றுகிறேன், வேலைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு துண்டை எடுக்கிறேன். பெரும்பாலும் ஒரு வார்த்தை இருக்கும், சிலவற்றில் இரண்டு. அதைக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பேன். சாப்பாட்டு மேஜை முழுக்க இப்போது கண்ணாடிதான். நான் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன்.

சிரிக்காமல் கேளுங்கள். நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். கருவி பொய் சொன்னால் ஏன் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு நாள் ஷூ மாட்டிக்கொண்டே துண்டை எடுத்தேன். "எங்கே போகிறாய்" என்று இருந்தது. தற்செயல் என்று தெரியும். மறுநாள் வாய்விட்டுக் கேட்டேன், "இன்னிக்கு லீவு போடவா?" வந்த துண்டு "வேண்டாம்". அதற்கடுத்த நாள் ஒன்றும் கேட்கவில்லை. எழுத்தே இல்லாத வெறும் தாள் வந்தது. கேட்டால் வருகிறது, கேட்காவிட்டால் வருவதில்லை. இத்தனை துண்டில் இப்படி ஒத்துப்போவது சகஜம் என்று கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன். கணக்கு சரி. ஆனால் காலையில் அந்த ஃப்ரிஜ்ஜைத் திறக்கும்போது, உள்ளே யாரோ எனக்கு முன்னால் எழுந்து காத்திருப்பதுபோல இருக்கிறது.

பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். என்னோடு சந்தோஷமாக இருந்தாயா என்று. வந்தது: "பெட்டியை". மறுநாளும் அதையே கேட்டேன். "வீட்டில் இனி". அடுத்த நாள் வந்ததில் "கிளம்பி" மட்டும்தான். அவளிடம் ஒரு நாளும் அப்படி ஒன்றும் தெரியவில்லை அக்கா. அன்று காலைகூடத் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடினாள். போகத்தான் நினைத்திருந்தாளா? அப்படி ஏதாவது உங்களிடம்... இல்லை, நீங்கள்தான் பேசிக்கொள்ளவே இல்லையே.

நீங்கள் கேட்டீர்களே, அதற்காக இதையும் எழுதுகிறேன். நேற்று வந்த துண்டு: "அக்காவிடம் சொல்லவே".

அதற்கு மேல் கிழிந்திருந்தது.

தங்கள்,
மாப்பிள்ளை

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. கால் வலி அதிகமாகிவிட்டதோ என்று கவலை. அந்தத் துண்டைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. எனக்கு அப்போது வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

லாரிக்காரர் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை மேஜையைப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணாடியாகக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, நான் ராத்திரி பகலா லாரி ஓட்டுறவன். தூக்கம் கெட்டா ரோட்டுல இல்லாததெல்லாம் தெரியும். இறங்கி மூஞ்சி கழுவிட்டுத்தான் மேல போவேன். நீ இன்னும் வண்டிய நிறுத்தல" என்றார். அப்படியே பாத்ரூமுக்குப் போய் எனக்காக ஒரு குவளை தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் முகம் கழுவினேன். அவர் மனசு நோகக் கூடாதே என்று.

கூட்டை ஜூலையில் மாட்டுவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். இடம் கொடுக்கிற பல் டாக்டர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் மகளுக்குப் பிரசவம். அவர் வருவதற்குள் முடிந்தால் நல்லது என்றார்கள். பாதி ஒட்டிய கூட்டை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினோரு வாயையும் திறந்துகொண்டு சுவரோரம் சாய்ந்திருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் லேசாக டக் டக் என்று சத்தம் போடும். அது சாதாரண விஷயம்.

ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள்,
மாப்பிள்ளை

*

ஜூன் 6

தம்பிக்கு,

நீ என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வயசில் எனக்கு நீங்க வாங்க என்றால் தொண்டையில் மாட்டுகிறது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை, எழுந்துவிட்டேன். அப்படியே நாள் போய்விட்டது. இங்கே ஒரு போர்வையில் கறை போகவில்லை என்று மூன்று தடவை மெஷினில் போட்டேன். கடைசியில் பார்த்தால் அது கறை இல்லை, துணியில் அச்சடித்த பூ. சூப்பர்வைசர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நீ அடுத்த துண்டை எடுத்தாயா? அதில் மீதி இருந்ததா?

தம்பி, நான் உன்னைத் திட்டி எழுதியதை மறந்துவிடு. நம்புகிறேனா இல்லையா என்று கேட்காதே. எனக்காக ஒரே ஒரு தடவை கேள். என்ன கேட்க வேண்டும் என்று எழுத மாட்டேன். அக்கா கேட்கிறாள் என்று மட்டும் சொல். அவளுக்குத் தெரியும்.

அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையே கேட்டேன். நீங்கள் சொன்ன அதே வார்த்தைதான். "அக்கா கேட்கிறாங்க" என்று சொல்லிவிட்டு இடுக்கியை விட்டேன். இதுவரை வந்ததிலேயே பெரிய துண்டு, கட்டை விரல் நீளம். மூன்று வார்த்தை முழுசாக இருக்கிறது.

"அக்கா மேல் கோபமில்லை".

அதைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 

உங்களுக்கு நல்லதாகப் படும் என்று நினைக்கிறேன். காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
தம்பி

*

ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துத்தான் படித்தேன். படித்துவிட்டு, இஸ்திரி போடுகிற இடத்தில் சூடான துணி மூட்டை மேல் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில்! கூட வேலை செய்கிறவர்கள் எழுப்பவில்லை. மூன்று வருஷத்தில் அப்படித் தூங்கினதில்லை.

இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் தங்கைக்கு என் மேல் கோபமில்லை, எழுதியே வைத்திருக்கிறாள் என்று. யாரும் எப்படி என்று கேட்கவில்லை. சந்தோஷப்பட்டார்கள். உன் மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, நான் திரும்பப் பாடுகிறேன் என்று ஒரே கிண்டல். "மெஷின் கெட்டுப்போச்சு போலிருக்கே" என்கிறார்.

அந்தத் துண்டை எனக்கு அனுப்பு. கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பேன். மீதியை இனிமேல் தோண்டாதே. உன் கேள்விக்கு வந்ததெல்லாம் உனக்கு வந்தது இல்லை என்று வைத்துக்கொள், பாப்பா அப்படிப்பட்டவள் இல்லை.

ஜூலை ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு ஃபோன் செய்கிறேன். இந்தத் தடவை எடு. அதை நீ வாயால் படித்து நான் கேட்க வேண்டும். படித்துக் காட்டினால் போதும், வேறு ஒன்றும் பேச வேண்டாம்.

அக்கா

*

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

பல் டாக்டர் எழுதுகிறேன். இங்கே மகளும் பேத்தியும் சௌக்கியம். பேத்திக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, ஆகவே எங்களுக்குள் உறவு நன்றாக இருக்கிறது. உங்களுக்கு நடந்ததற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்த வாரமே விமானம் ஏற வேண்டியிருந்தது, உங்களிடம் வந்து நிற்கக்கூட முடியவில்லை.

லாரிக்காரர் கடிதம் போட்டிருந்தார். நீங்கள் பச்சை வாளியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து வாசித்துக்கொண்டிருப்பதாக. இதை ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. எழுதவும் வரவில்லை, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த வாளி என்னுடையது. எங்கள் கிளினிக்கில் பல் அச்சு எடுக்கும் மாவு கலக்குகிற வாளி. அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். உள்ளே இருப்பதும் என்னுடைய தாள்கள்தான். கையெழுத்து மட்டும் உங்கள் மனைவியுடையது. நான் எழுதினால் மருந்துக்கடைக்காரர்களே கண்ணைக் கசக்குவார்கள். அதனால் போன வருஷம் முழுக்க நான் சொல்லச் சொல்ல, அவர்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். பல்லைப் பற்றி நகைச்சுவை எழுதியே அலுத்துப்போய், ஒரு குடும்பக் கதை முயற்சி செய்தேன். அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு, புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்புகிற ஒரு பெண் சொல்கிற மாதிரி. பாதியிலேயே நின்றுவிட்டது. "அக்கா மேல் கோபமில்லை என்று எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்பது முதல் வரி. அது ஒன்றுதான் தேறியது என்று உங்கள் மனைவியே சொன்னார்.

அவருடைய அறை எப்போதோ முடிந்துவிட்டது. கூட்டின் நடுவில் இருக்கிறதே, மற்றதெல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கிறது. முதல் நாள், மற்றவர்கள் வருவதற்கு முன், என் கண் முன்னாலேயே மிக்ஸியில் போட்டு அடித்தார்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். எந்த வாளி யாருடையது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம்.

உங்கள்,
பல் டாக்டர்

*

ஜூலை 5

மதிப்புக்குரிய டாக்டருக்கு,

பேத்திக்கு என் அன்பு. உங்கள் கடிதம் நேற்று கூரியரில் வந்தது.

படிவைச் சுரண்டிப் பார்த்தேன். தண்ணீர்க் கடினத்தால் வந்த படிவு அமிலத்தில் பொங்கும், இது பொங்கவில்லை. தொழில் தெரிந்தவன் முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய சோதனை. அவள் என்னை விட்டுப் போக நினைக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதும் தெரியும். எது பெரியது என்று இன்னும் அளந்து பார்க்கவில்லை.

நடு அறையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் அறைகளில் அங்கங்கே எழுத்தின் கால், கொம்பு, ஒரு புள்ளி என்று ஏதாவது தெரிகிறது. லாரி அண்ணன் அறையில் "உன்" என்று முழுசாகவே இருக்கிறது. அவளுடையதில் ஒன்றுமே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் இல்லை. எல்லோருடையதையும் அடித்ததைவிடத் தன்னுடையதை ரொம்ப நேரம் அடித்திருக்கிறாள். நார்கூடப் பிரிந்து, மாவாகிவிட்டது. நான் வந்து தேடுவேன் என்று தெரிந்தவள்போல.

மேஜையிலிருந்த கண்ணாடிகளை எல்லாம் தண்ணீரில் போட்டு, துண்டுகளைப் பிரித்து, வாளியிலேயே திரும்பச் சேர்த்தேன். மிக்ஸியில் அடித்தேன். என் கட்டையில் சுற்றிக் காயவைத்திருக்கிறேன். உங்கள் அறை நன்றாக வந்திருக்கிறது, விளிம்பில் கொஞ்சம் நீலம். நாளைக்குக் கூட்டில் ஒட்டிவிடுவேன். உங்கள் முதல் வரியில் பாதி மட்டும் அதில் இருக்காது, அதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டைப் பார்க்க அவளுடைய அக்கா எப்போதாவது வரலாம். வாளி யாருடையது என்று அவரிடம் யாரும் சொல்லக் கூடாது. லாரி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர், "நான் கவிதை எழுதுறவன் தம்பி, பொய் எனக்குப் பழக்கம்" என்றார்.

தங்கள்,
குழுவில் இல்லாதவன்

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முகம் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். நீங்கள் பாடுவதை மாமா எவ்வளவு கிண்டல் செய்தாலும் நிறுத்தாதீர்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாட்டு கேட்பது துணிக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.

நீங்கள் சொன்னபடியே தோண்டுவதை நிறுத்திவிட்டேன். வாளி காலி. கடைசி அறையும் காய்ந்து, ஒட்டியாகிவிட்டது. சற்று முன்பு லாரி அண்ணன் வந்து, கூட்டைப் போர்வையில் சுற்றி, முன் ஸீட்டில் வைத்து, ஸீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டுபோனார். சுவரோரம் அது இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் நடக்கும்போது இன்னும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறேன்.

நீங்கள் கேட்ட துண்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், மெதுவாகப் பிரியுங்கள். ஓரம் கிழிந்துதான் இருக்கிறது, வாளியில் போடும்போது கிழித்தது. கையெழுத்து பாப்பாவுடையது. அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். அவள் பேனா, அவள் கை; கொக்கி போட்ட அந்த "ழ" மட்டும்தான் இதில் இல்லை. மற்ற துண்டுகள் கூழாகிவிட்டன, இனி யாரும் தேட முடியாது. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், மை வெளுக்கும்.

என் கேள்விக்கு வந்ததெல்லாம் எனக்கு வந்தது இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னது சரி.

நாளை ஞாயிற்றுக்கிழமை. கூப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று வார்த்தையை நானும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், மூன்றாவது வார்த்தையில் குரல் பிசகுகிறது. நீங்கள் கேட்டால் ஏன் என்று கேட்பீர்கள். துண்டு கைக்கு வந்ததும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள் அக்கா, உங்கள் குரலில் அது சரியாக வரும். நீங்கள் எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன், எத்தனை கடிதமானாலும்.

ஃபோனை அணைத்துவிட்டேன்.

தங்கள்,
தம்பி